அரசுக் கட்டடங்களில் சாய்தளம்: ‘வழிகாட்டுதல்’ எப்போது ‘விதி’ ஆகும்? உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

தாலுகா அலுவலகம், அரசு மருத்துவமனை, பள்ளிக்கூடம் எனப் பெரும்பாலான அரசுக் கட்டடங்களின் வாசலில் இப்போது ஒரு சாய்தளம் இருக்கிறது. பக்கத்திலேயே சக்கர நாற்காலி படம் போட்ட நீலப் பலகையும் இருக்கும். ஆனால், அந்தச் சாய்தளத்தில் ஒருவரை உட்கார வைத்துத் தள்ளிப் பார்த்தால்தான் சங்கதி புரியும். பல இடங்களில் பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். சில இடங்களில் சாய்தளம் முடிகிற இடத்தில் ஒரு படி காத்திருக்கும். இன்னும் சில இடங்களில் அதன் மேலேயே டூ வீலர்கள் நிற்கும்.

கட்டியவர்களின் கவனக்குறைவு என்று இதைக் கடந்துபோவது சுலபம். ஆனால் சிக்கல் அதற்கும் மேலே, விதி எழுதப்பட்ட விதத்திலேயே இருக்கிறது என்று 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கூறியது. அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகியோர் அடங்கிய அமர்வு கொடுத்த தீர்ப்பு அது. சந்திரசூட்டின் கடைசி வேலை நாளும் அதுதான். அன்றைய தலைப்புச் செய்திகளில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக வழக்கும் பிரிவு உபசாரமும் இடம்பிடித்ததால், கோடிக்கணக்கானவர்களைப் பாதிக்கிற இந்தத் தீர்ப்பு அவ்வளவாகப் பேசப்படவில்லை.

வழக்கு எங்கே தொடங்கியது?

பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரதூரி என்பவர் 2005-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு தாக்கல் செய்தார். சாலை, பேருந்து, ரயில், அரசுக் கட்டடம் என எல்லாவற்றையும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்துகிற மாதிரி அமைக்க வேண்டும் என்பது கோரிக்கை.

அப்போது நடைமுறையில் இருந்தது 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம். அதிலும் பொதுக் கட்டடங்களில் சாய்தளம் பற்றிய பிரிவு இருந்தது. ஆனால் அரசின் பொருளாதார வசதிக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு என்று ஒரு வாசகமும் கூடவே இருந்தது. அப்படின்னா, ‘காசு இருந்தால் கட்டுவோம்’ என்பதுதான் அன்றைய சட்டம்.

2007-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதற்கேற்ப 2016-இல் புதிய சட்டம் நிறைவேறியது. 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. சட்டம் அங்கீகரிக்கும் குறைபாடுகளின் எண்ணிக்கை 7-இலிருந்து 21 ஆனது. சாய்தளத்தைப் பொறுத்தவரை, அந்தப் ‘பொருளாதார வசதி’ வாசகம் காணாமல் போனது.

2017 டிசம்பரில் நீதிபதி ஏ.கே.சிக்ரி தலைமையிலான அமர்வு, ரதூரி வழக்கில் பல உத்தரவுகளைக் கெடுவுடன் பிறப்பித்தது. 50 நகரங்களில் முக்கியமான அரசுக் கட்டடங்களைச் சீரமைப்பதும் அதில் ஒன்று. கெடுக்கள் வந்தன, போயின. நிலைமையை நேரில் ஆராய்ந்து சொல்லும்படி ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளிகள் ஆய்வு மையத்தை நீதிமன்றம் பின்னர் கேட்டுக்கொண்டது. அந்த மையம் கொடுத்த அறிக்கையை அடிப்படையாக வைத்துத்தான் 2024 தீர்ப்பு வந்தது. மனு போட்டதிலிருந்து கணக்குப் பார்த்தால் 19 வருடம்.

சட்டம் ஒன்று சொன்னது, விதி வேறொன்று சொன்னது

2016 சட்டத்தின் 40-ஆவது பிரிவு, கட்டடங்களுக்கான தரநிலைகளை மத்திய அரசு ‘விதிகளாக’ வகுக்க வேண்டும் என்கிறது. அடுத்தடுத்த பிரிவுகள் எல்லாமே அந்த விதிகளை நம்பித்தான் நிற்கின்றன.

44-ஆவது பிரிவின்படி, விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி கொடுக்கக்கூடாது, நிறைவுச் சான்றிதழும் கொடுக்கக்கூடாது. 45-ஆவது பிரிவின்படி, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் சீரமைக்க வேண்டும். சட்டத்தையோ விதிகளையோ மீறினால் 89-ஆவது பிரிவின்படி முதல் தடவை 10,000 ரூபாய் வரை, மறுபடியும் மீறினால் 50,000 ரூபாயிலிருந்து 5 லட்சம் வரை அபராதம்.

இவ்வளவும் எழுதியாகிவிட்டது. பிறகு 2017 ஜூனில் மத்திய அரசு விதிகளை வெளியிட்டது. அதில் 15-ஆவது விதிதான் கட்டடங்களுக்கானது. அந்த விதி தனியாக எந்த அளவையும் சொல்லவில்லை. மத்திய நகர்ப்புற மேம்பாட்டு அமைச்சகம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளைப் பின்பற்றுங்கள் என்று கைகாட்டியது. பின்னர் அதற்குப் பதிலாக 2021-ஆம் ஆண்டு நெறிமுறைகள் வந்தன. மருத்துவமனை, விளையாட்டு அரங்கம், விமான நிலையம் என்று வெவ்வேறு அமைச்சகங்கள் தங்கள் துறைக்கென வகுத்த நெறிமுறைகளும் அதே பட்டியலில் சேர்ந்தன.

இதுல என்ன தப்பு? அந்த நெறிமுறைகள் மோசமானவை இல்லை. குறிப்பாக 2021 ஆவணம் ரூர்க்கி ஐஐடியின் பங்களிப்போடு தயாரானது. வாசல், லிஃப்ட், கழிப்பறை, பெயர்ப் பலகை, அவசர வழி என்று நுணுக்கமாகப் பேசுகிறது. பிரச்சனை அதன் தொனியில்தான். வழிகாட்டுதல் என்பது பரிந்துரை. ‘இப்படிச் செய்தால் நல்லது’, ‘முடிந்தவரை செய்யலாம்’ என்கிற பாணியில் எழுதப்படுவது. ஆங்கிலத்தில் ‘ஷல்’ என்றால் கட்டாயம், ‘ஷுட்’ என்றால் அறிவுரை. தமிழில் இரண்டுமே ‘வேண்டும்’ என்று ஆகிவிடுவதால் இந்த வித்தியாசம் சட்டென்று கண்ணில் படுவதில்லை. ஆனால் டெண்டரிலும் நீதிமன்றத்திலும் இந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

சட்டம் கட்டாய விதிகளைக் கேட்டிருக்க, அரசு பரிந்துரைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அதற்கு ‘விதி’ என்று பெயரிட்டிருக்கிறது என்பதே நீதிமன்றம் கண்ட முரண். எனவே 15-ஆவது விதியின் முதல் உட்பிரிவு, தாய்ச் சட்டத்தின் நோக்கத்துக்கே முரணானது, செல்லாது என்று தீர்ப்பளித்தது. கறாராகப் பின்பற்றியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தரநிலைகளை நெறிமுறைகளிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்து, மூன்று மாதங்களுக்குள் விதியாக அறிவிக்க உத்தரவிட்டது. விதிகள் வந்த பிறகு, மீறுகிறவர்களுக்கு நிறைவுச் சான்றிதழை நிறுத்திவைப்பது, அபராதம் விதிப்பது ஆகியவற்றையும் நடைமுறைப்படுத்தச் சொன்னது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெறிமுறைகளே தேவையில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நெறிமுறைகள் காலப்போக்கில் மேம்படலாம், விரிவடையலாம். ஆனால் அதற்குக் கீழே யாரும் இறங்க முடியாத ஒரு தரை மட்டம் இருக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு.

1:12 என்றால் என்ன?

இந்த வித்தியாசம் தரையில் எப்படித் தெரியும் என்பதற்குச் சாய்தளத்தையே எடுத்துக்கொள்ளலாம். பரவலாக ஏற்கப்பட்ட சரிவு 1:12. அதாவது ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும்.

ஓர் அரசு அலுவலகத்தின் பேஸ்மட்டம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு படி உயரம்தான். அதற்கு 1:12 கணக்கில் 7.2 மீட்டர் நீளச் சாய்தளம் தேவை. மேலேயும் கீழேயும் நாற்காலியைத் திருப்பிக்கொள்ள ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் சமதளம் வேறு. மொத்தம் 10 மீட்டருக்கு மேல் போகிறது. வெள்ளம் வரும் பகுதி என்று பேஸ்மட்டத்தை 90 செ.மீ. ஆக உயர்த்தினால் சாய்தளம் மட்டுமே 10.8 மீட்டர். அவ்வளவு நீளத்தை ஒரே மூச்சில் ஏற முடியாது என்பதால் நடுவிலும் ஒரு சமதளம் வேண்டும். சென்னை மாதிரி ஊர்களில் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கட்டடங்களின் தரைமட்டம் உயர்ந்துகொண்டே போகிறது. சாய்தளத்துக்கான இடம் அதற்கேற்ப வளர்வதில்லை.

வரைபடம் போடும்போதே இதைக் கணக்கில் எடுத்தால் சாய்தளத்தை ‘ட’ வடிவில் மடக்கியோ, வாசலையே தரைமட்டத்துக்கு இறக்கியோ சமாளிக்கலாம். கட்டி முடித்த பிறகு, வாசலுக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே கிடைக்கிற மூன்று, நான்கு மீட்டரில் திணித்தால் சரிவு 1:5, 1:6 என்று ஆகிவிடும். அது சக்கர நாற்காலிக்கான பாதை அல்ல. சாமான் ஏற்றுகிற பலகை. ஆனாலும் ஆய்வுக்கு வருகிற அதிகாரியின் படிவத்தில் ‘சாய்தளம் உள்ளதா?’ என்ற கேள்வி மட்டும் இருந்தால், ‘ஆம்’ என்று எழுதிவிட முடியும். எத்தனைக்கு எத்தனை என்பதை விதி கேட்டால்தான் அந்த ‘ஆம்’ எழுதுவது சிரமமாகும்.

கழிப்பறையிலும் இதே கதைதான். கதவுக்கு 90 செ.மீ. அகலம் விட்டு, அந்தக் கதவு உள்பக்கமாகத் திறந்தால், நாற்காலியோடு உள்ளே போனவர் கதவைச் சாத்த முடியாது. பார்வையற்றவர்களுக்காகப் பதிக்கப்படும் புடைப்புள்ள மஞ்சள் டைல்ஸில் நீளக் கோடுகள் இருந்தால் ‘நேரே போ’ என்று பொருள்; வட்டப் புள்ளிகள் இருந்தால் ‘நில், கவனி’ என்று பொருள். இது தெரியாமல் மாற்றிப் பதித்தாலோ, தூண் வரைக்கும் கோடு போட்டு விட்டாலோ, டைல்ஸ் இல்லாமல் இருப்பதைவிட ஆபத்து. இதெல்லாம் செலவு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. கதவு எந்தப் பக்கம் திறந்தாலும் விலை ஒன்றுதான்.

மூன்று மாதம் என்ன ஆனது?

தீர்ப்பு கொடுத்த கெடு 2025 பிப்ரவரியில் முடிந்தது. அதற்குள் புதிய விதிகள் வரவில்லை.

அரசுத் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் உள்ள நெறிமுறையிலிருந்து ‘இது கட்டாயம், இது விருப்பம்’ என்று பிரிப்பது உண்மையிலேயே கடினமான வேலை. பட்டியல் ரொம்பச் சின்னதாக இருந்தால் சாய்தளமும் கழிப்பறையும் மட்டும் மிஞ்சும். காது கேளாதவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள் மறுபடியும் விடுபடுவார்கள். பட்டியல் ரொம்பப் பெரிதாக இருந்தால் சிறிய ஊராட்சி அலுவலகம்கூடக் கட்ட முடியாமல் போகும் என்ற எதிர்ப்பு கிளம்பும். மாற்றுத்திறனாளிகளையும் நல்சார் மையத்தையும் கலந்து பேசித்தான் விதிகளை வகுக்க வேண்டும் என்பதும் நீதிமன்றத்தின் உத்தரவு. அதற்கும் நேரம் ஆகும்.

ஆனால் தாமதத்தின் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் நாடு முழுக்கப் புதிய பள்ளிகளும் மருத்துவமனைகளும் பேருந்து நிலையங்களும் திறக்கப்படுகின்றன. ஓர் அரசுக் கட்டடம் சாதாரணமாக 50, 60 ஆண்டுகள் நிற்கும். கட்டாய விதி இல்லாத காலத்தில் வரைபடம் ஒப்புதல் ஆகிவிட்டால், அந்தக் குறுகிய கதவும் செங்குத்தான சாய்தளமும் அடுத்த இரண்டு தலைமுறைக்கு அப்படியே இருக்கும். பிறகு இடித்து மாற்றுவதற்கு ஆகிற செலவு, முதலிலேயே சரியாகக் கட்டுவதைவிடப் பல மடங்கு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம். அந்தக் கணக்கு எடுக்கப்பட்டது பழைய, குறுகிய பட்டியலை வைத்து. முழங்கால் வலியோடு ஓய்வூதியத்துக்கு அலைகிற முதியவர்களும் நிறைமாத கர்ப்பிணிகளும் இந்த எண்ணிக்கையில் வரமாட்டார்கள். அவர்களுக்கும் தேவைப்படுவது அதே சாய்தளம்தான்.

அரசே கட்டி, அரசே சான்று கொடுத்தால்?

விதி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்பது அடுத்த கேள்வி. தனியார் கட்டடம் என்றால் உள்ளாட்சி அமைப்பு நிறைவுச் சான்றிதழை நிறுத்தி வைக்கலாம். சான்றிதழ் இல்லாவிட்டால் மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு என்று அடுத்தடுத்த வேலைகள் இழுபடும். அரசுக் கட்டடத்தில் எஸ்டிமேட் போடுவதும் அரசு, டெண்டர் விடுவதும் அரசு, எம்-புக்கில் அளவு எழுதி பில் பாஸ் செய்வதும் அரசு, கடைசியில் குடியேறுவதும் அரசு. திறப்பு விழா தேதி குறித்த பிறகு, ‘கழிப்பறைக் கதவு உள்பக்கம் திறக்கிறது, எனவே சான்று கிடையாது’ என்று ஓர் உதவிப் பொறியாளர் எழுதுவார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

அதனால் விதியின் உண்மையான இடம் சான்றிதழ் கட்டம் அல்ல. அதற்கு முந்தைய எஸ்டிமேட் கட்டம். கைப்பிடி, புடைப்பு டைல்ஸ், பிரெய்ல் பொத்தான் உள்ள லிஃப்ட் ஆகியவை எஸ்டிமேட்டிலும் டெண்டர் ஆவணத்திலும் தனி அயிட்டமாக, அளவோடு இருந்தால், செய்யாத வேலைக்குப் பில் போட முடியாது. இருக்கும் பணத்துக்குள் அடக்குவதற்காக எதையாவது வெட்டும்போது, ‘பரிந்துரை’ என்று பெயர் உள்ளவைதான் முதலில் வெட்டுப்படும். கட்டாய விதி மாற்றக்கூடிய முதல் விஷயமும் இதுதான்.

மாநிலங்களின் பங்கும் இதில் முக்கியம். கட்டட அனுமதி கொடுப்பது மாநில அரசும் உள்ளாட்சிகளும்தான். தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறையில் உள்ளன. மத்திய அரசின் புதிய தரநிலைகள் எப்போது வந்தாலும், அவை மாநில விதிகளில் வரிக்கு வரி ஏறினால்தான் வரைபடத்தைச் சரிபார்க்கிறவரின் மேஜைக்குப் போய்ச் சேரும்.

பராமரிப்பு என்று இன்னொன்றும் உண்டு. 2022 நவம்பர் இறுதியில் சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலைக்கு அருகே போக மரப் பாதை திறக்கப்பட்டது. முதல்முறையாகக் கடலைக் கிட்டத்தில் பார்த்தவர்களின் படங்கள் பரவலாகப் பகிரப்பட்டன. அடுத்த சில வாரங்களிலேயே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்து, பிறகு சரிசெய்யப்பட்டது. எல்லோருடைய பார்வையும் இருந்த இடம் என்பதால் அது நடந்தது. ஏதோ ஒரு வட்டாரத் தலைநகரின் அரசு அலுவலகத்தில் லிஃப்ட் பழுதானாலோ, மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை பழைய ஃபைல் போடுகிற அறையாக மாறினாலோ யார் கவனிப்பார்கள் என்பதற்குத் தீர்ப்பில் நேரடியான பதில் இல்லை.

ஐந்து ஆண்டுக் கணக்கு மறுபடி தொடங்குமா?

சட்ட வட்டாரத்தில் கவனிக்க வேண்டிய ஒரு முடிச்சு இது. பழைய கட்டடங்களைச் சீரமைக்க 45-ஆவது பிரிவு கொடுத்த ஐந்து ஆண்டுகள், விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து கணக்காகும். 2017 ஜூனில் விதிகள் வந்ததால் 2022 ஜூனோடு அது முடிந்திருக்க வேண்டும். இப்போது அந்த விதியே செல்லாது, புதிய விதி வரப்போகிறது என்றால், இன்னொரு ஐந்து ஆண்டு கிடைத்துவிட்டதாக அரசுத் துறைகள் வாதிடலாம். மாநிலங்களின் தயார்நிலையைப் பொறுத்து அவகாசத்தை நீட்டிக்க அதே பிரிவில் மத்திய அரசுக்கு அதிகாரமும் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள தரநிலைகளின்படி நடக்கும் பணிகள் நிற்கக்கூடாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் புதிய விதிகளில் கால அட்டவணை எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் பழைய கட்டடங்களின் கதி.

இப்போதைக்கு என்ன வழி?

விதி வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 2016 சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். உரிமை மறுக்கப்பட்டதாகப் புகார் வந்தால், விசாரிப்பதற்காக ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு இணையான அதிகாரம் அவருக்கு உண்டு. புகார் கொடுப்பவர் மாற்றுத்திறனாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

‘சாய்தளம் சரியில்லை’ என்று மொட்டையாக எழுதுவதைவிட, அளந்து எழுதுவது பலன் தரும். வாசல் தரையிலிருந்து எவ்வளவு உயரம், சாய்தளம் எவ்வளவு நீளம் என்று இரண்டு அளவு போதும். நீளத்தை உயரத்தால் வகுத்து, விடை 12-க்குக் கீழே இருந்தால் சரிவு அதிகம் என்று அர்த்தம். கட்டடத்தின் பெயர், கட்டிய ஆண்டு, ஒரு புகைப்படம் சேர்த்துவிட்டால், ‘சாய்தளம் உள்ளது’ என்ற ஒற்றை வரியை வைத்து அந்தத் துறையால் பதில் சொல்லித் தப்பிக்க முடியாது. எஸ்டிமேட்டிலும் நிறைவு அறிக்கையிலும் என்ன அளவு எழுதப்பட்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். தரையில் அளந்ததும் காகிதத்தில் எழுதியதும் வேறு வேறாக இருந்தால், அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர் யார் என்பதும் அதிலேயே இருக்கும்.